மத்தியூ ஆர்னல்ட் என்னும் வித்தியாதரிசி

ஆங்கில நாட்டுப் புலவரென்றும், நூலாராய்ச்சியில் வல்லவரென்றும் பலரானும் புகழப்படும் மத்தியூ ஆர்னல்ட் என்பார், தம் வாழ்நாளில் முப்பத்தைந்து ஆண்டுகளை ஏழைப் பிள்ளைகள் பயிலும் ஆரம்ப பாடசாலைகளின் வாங்குகளுக்கிடையே கழித்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். அவருடைய செய்யுட்களைப் பாடமாகக் கற்றோர் பலருளர். யாமும் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து அவற்றைக் கற்றோம். ஆயின், எமக்குக் கற்பித்த ஆசிரியருள் ஒருவரேனும் அப்புலவர் சீவனத்தின்பொருட்டுச் செய்த தொழில் யாதென்று சொன்னாரல்லர். யாமே ஆசிரியத் தொழில் பூண்டு, வித்தியாதரிசியார் வரும் நாளை எதிர்நோக்கி நெஞ்சு படபடக்க நின்று பழகிய பின்னரே, அதனைத் தேடியறிந்தோம். அவர் சரித்திரத்திலே இப்பகுதியே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றமையின், இதனை விரித்தும் ஏனையவற்றைச் சுருக்கியும் எழுதுகின்றோம்.

ஆர்னல்ட் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 24ஆந் தேதி தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லேலம் என்னும் ஊரிலே பிறந்தார். நம் ஆறுமுகநாவலரவர்கள் நல்லூரிலே பிறந்தது அதே ஆண்டு அதே மாதம் 18ஆந் தேதி என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஆறு நாள் இடையிட்டு உலகின் இரு கோடிகளிற் பிறந்த இவ்விருவரும் பாலர் கல்வியின்பொருட்டே பெரும்பாலும் உழைத்தனர், ஒருவரையொருவர் அறியார். நாவலரவர்கள் தாமே பாடசாலை தாபித்து நடாத்தினார்கள். ஆர்னல்டோ பிறர் நடாத்திய பாடசாலைகளைப் பார்வையிட்டார்.

அவர் தந்தையார் தோமஸ் ஆர்னல்ட், 1828ஆம் ஆண்டிலே றக்பிப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராகி, அந்நாட்டு உயர்தரப் பாடசாலைகளின் போக்கையே மாற்றியவர். இத்தகையார்க்கு மூத்த மகனாய்ப் பிறப்பது எளிய காரியமன்று. மகனுக்கு இளமையிலே கால் சிறிது வளைந்திருந்தமையால், இரண்டு வருடகாலம் இரும்புச் சட்டம் பூட்டி நடக்கவிட்டார்கள். வீட்டார் அவரை நண்டு என்று செல்லமாக அழைத்தனர். ஒரு வருடம் வின்செஸ்ரரிலும், பின்னர்த் தந்தையாரின்கீழ் றக்பியிலும் பயின்று, ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே பேலியல் கல்லூரிக்கு உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்றார். 1842ஆம் ஆண்டிலே தந்தையார் இருதய நோயினாற் சடுதியாக இறந்தார். அப்பொழுது அவர்க்கு நாற்பத்தேழு வயது நிரம்பவில்லை. மகன் கவிதைக்குரிய பரிசொன்றைப் பெற்றாராயினும், படிப்பிற் கவலையின்றி, நல்லுடையிலும் நகைமொழியிலும் மீன்பிடித்தலிலும் பொழுது போக்கினமையால், 1844ஆம் ஆண்டுப் பரீட்சையில் இரண்டாம் வகுப்பிலேதான் தேறினார். பிற்காலத்திலே பல்லாயிரம் பிள்ளைகளைப் பரீட்சித்தவர், தம் பரீட்சையில் இவ்வாறு வழுக்கினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அடுத்த ஆண்டில் ஓரியல் கல்லூரியில் அங்கத்துவம் பெற்று, தந்தையார் வகித்த தானத்தை ஒருவாறு எட்டினார்.

இக்காலத்தில் அவர் கற்ற நூல்களுள் நம் பகவற்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒன்று. 1848ஆம் ஆண்டிலே குளோ என்னும் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களிலே அதனைப் பாராட்டி, அவரையும் படிக்கும்படி தூண்டியிருக்கின்றார். பயனிற் பற்றின்றிக் கருமஞ் செய்க என்னும் உபதேசத்தை இளமையிலே விரும்பிக் கற்ற இவர், பின்னாளிற் பயனுக்கேற்ற கூலி என்னும் சட்டத்தோடு கால் நூற்றாண்டு மல்லாட நேர்ந்தது. அதனை மேலே காண்போம்.

1847ஆம் ஆண்டிலே லான்ஸ்டவுண் பிரபுவுக்கு அந்தரங்கக் காரியதரிசியானார். அப்பிரபு மன்றத் தலைவராயிருந்தமையின், கல்விக்குரிய மன்றக் குழுவும் அவர் பார்வையில் இருந்தது. ஆர்னல்ட், நீதிபதி வைட்மன் என்பவரின் புதல்வியை மணக்க விரும்பினார். நிலையான வருவாயில்லாத புலவருக்குப் பெண் கொடுக்க அந்நீதிபதி இசையவில்லை. ஆகவே பிரபு 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே அவரை வித்தியாதரிசியாக நியமித்தார். யூன் மாதத்திலே திருமணம் நடந்தது. பரீட்சையும் விண்ணப்பமுமின்றிப் பெரியோர் தயவினாற் கிடைத்த உத்தியோகம் இது. ஆரம்ப பாடசாலையொன்றிலே கற்றவருமல்லர், கற்பித்தவருமல்லர் அவர். இன்று இங்ஙனம் ஒருவர் நியமிக்கப்படின் ஆசிரிய சங்கங்கள் வாளாவிரா, யாமும் வாளாவிரோம். ஆயினும் அந்நியமனம் நன்றாயே முடிந்தது.

அக்காலத்து வித்தியாதரிசியின் கடமை யாதென்பதை இங்கே சிறிது சொல்லுதல் வேண்டும். இங்கிலாந்திலே பாமர மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவை பெரும்பாலும் கிறித்தவ சபைகளும் சங்கங்களுமேயாம். அரசினர் முதன்முதலாக 1833ஆம் ஆண்டிலே 20,000 பவுண் பாடசாலைக் கட்டடங்களுக்கென உதவினர். 1839ஆம் ஆண்டிலே கல்விக்கென மன்றக் குழுவொன்றும், பொதுப்பணம் செல்லுமிடத்தைப் பார்வையிட இரண்டு வித்தியாதரிசிகளும் ஏற்பட்டனர். அக்குழுவின் காரியதரிசியாயிருந்த கே-ஷட்டில்வேர்த் என்பவர் அவர்களுக்கு வகுத்த கட்டளைகள் மிகச் சிறந்தவை. வித்தியாதரிசி அதிகாரஞ் செலுத்தச் செல்பவரல்லர், உதவி செய்யச் செல்பவர் என்பதே அவற்றின் சாரம். நல்ல முறைகளை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லுதலும், ஆசிரியர்க்கு ஊக்கங் கொடுத்தலும், பிள்ளைகளின் இருக்கை, வெளிச்சம், காற்று, நூல் முதலியவற்றை நோக்கி அறிக்கை செய்தலும் அவர் தொழில். சபைப் பிணக்குக் காரணமாக, இங்கிலாந்துத் திருச்சபைப் பாடசாலைகளுக்குக் குருமாரே வித்தியாதரிசிகளாயினர். ஏனைய புரட்டஸ்தாந்து சபையாரின் பாடசாலைகளுக்குக் குருமாரல்லாதார் அனுப்பப்பட்டனர். ஆர்னல்ட் இவ்வகுப்பைச் சேர்ந்தவர். இத்தகைய பாடசாலைகள் ஊருக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தமையின், அவர்க்குரிய பகுதி மிகப் பெரிதாயிற்று. லிங்கன் முதல் குளொஸ்ரர் வரையும், நொட்டிங்காம் முதல் வேல்ஸ் தேசத்துக் கடற்கரை வரையும் ஒருவரே அலையவேண்டியிருந்தது.

வேலை 1851ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் மான்செஸ்ரர் நகரிலே தொடங்கிற்று. அங்குள்ள பாடசாலையொன்றிலிருந்து தம் மனைவியார்க்கு எழுதிய கடிதத்திலே, இப்பாடசாலைகளிற் றமக்குப் பற்றுண்டாகுமென்றும், இவை பிள்ளைகளுக்கு விளைக்கும் பயன் மிகப் பெரிதென்றும், வருந்தலைமுறையைப் பண்படுத்துதல் இவற்றாலேயே ஆகுமென்றும் குறித்தார். பற்று எந்நாளும் ஒருதன்மையாயிருந்ததென்று சொல்லமாட்டோம். சலிப்பும் களைப்பும் அவர் கடிதங்களிலே நிறைய உண்டு. ஒருநாள், காலையுணவின் பின் ஒன்றுமுண்ணாது மாலை நான்கு மணிவரை பரீட்சித்துக்கொண்டிருந்தவர், பசி பொறுக்கலாற்றாது ஒரு பணிஸ் வாங்குவித்து, பாடசாலை முழுவதும் வியந்து பார்த்திருக்க, அங்கேயே உண்டாராம். வித்தியாதரிசிக்கும் வயிறு உண்டென்பதை அப்பிள்ளைகள் அன்று கண்டிருப்பார்கள்.

மணமான புதிதில் அவர்க்கு வீடு கிடையாது. மனைவியாரும் உடன் சென்று, புகையிரத நிலையங்களிற் காத்திருந்தும், வாடகையறைகளிற் றங்கியும் காலங் கழித்தார். பிள்ளைகளுள் ஒன்று டார்பி நகரத்து வாடகையறையொன்றிலே பிறந்தது. பின்புறம் வறியோர் விடுதியும் முன்புறம் சிறைச்சாலையுமாக அவ்விடம் இருந்ததென்று பிற்காலத்தில் அவரே நகைத்துக்கொண்டு கூறினார். 1858ஆம் ஆண்டிலேதான் இலண்டனில் ஒரு நிலையான வீடு அமைந்தது. பகலிற் பரீட்சை; இரவிலும் விடுமுறையிலும் மாணாக்க உபாத்தியாயரின் விடைத்தாள்களைத் திருத்துதல்; எஞ்சிய நேரத்திலே செய்யுளும் வசனமும். 1857ஆம் ஆண்டு முதற் பத்து வருடம் ஒக்ஸ்போட்டிலே கவிதைப் பேராசிரியராயுமிருந்து, இலத்தீனை விட்டு ஆங்கிலத்திலே முதன்முதற் பிரசங்கித்தார். இவையெல்லாம் உத்தியோகத்தை விடாமலே செய்தவை. 1867ஆம் ஆண்டின் பின் அவர் பாடிய செய்யுட்கள் மிகச் சில. பாடசாலை ஒரு புலவரைத் தின்றுவிட்டதென வருந்துவாருமுளர். யாம் ஆசிரியராதலின் இவ்வழக்கிலே நடுநின்று தீர்ப்புச் சொல்லத் தக்கவரல்லேம்.

அவர் எழுதிய அறிக்கைகளை எடுத்துப் பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். எத்தனை பிள்ளைகள் எத்தனை கணக்குச் செய்தார்களென்பதில் அவர் மனம் பெரிதும் நிற்கவில்லை. அப்பிள்ளைகளின் உள்ளத்தில் யாது விளைந்தது என்பதையே தேடினார். 1852ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே, மாணாக்க உபாத்தியாயர் பலர் தேசசரித்திரத்திலும் பூமிசாத்திரத்திலும் கணக்கற்ற செய்திகளை மனத்தில் அடைத்துவைத்திருந்தும், தம் தாய்மொழியிலே ஒரு பந்தியைப் பொருள் விளங்கச் சொல்லும் ஆற்றலின்றி இருந்தமையை எடுத்துக்காட்டினார். பதின்மூன்று வயதிலே பாடசாலையில் அமர்த்தப்பட்டு, பகலிற் கற்பித்தும் ஏனைய நேரத்திற் கற்றும் ஐந்தாண்டு பழகும் இளைஞரே மாணாக்க உபாத்தியாயர் எனப்பட்டனர். நல்லாசிரியர்களின் செய்யுட்பகுதிகளை மனப்பாடஞ் செய்வித்தலே இக்குறைக்குப் பரிகாரமென்று அவர் கூறினார். வாசிப்புப் புத்தகங்களின் இழிவை 1860ஆம் ஆண்டு அறிக்கையிலே கண்டித்தார். ஏழைப் பிள்ளை தன் வாழ்நாளிற் கையிலெடுக்கும் நூல் அவ்வாசகப் புத்தகம் ஒன்றேயாதல் கூடும். அதுவும் உயிரற்ற செய்திகளும் தரங்குறைந்த பாட்டுகளும் நிறைந்ததாயின், அப்பிள்ளை எவ்விடத்து நல்ல மொழியைக் கேட்கும் என்பது அவர் கேள்வி. பாலபாடம் இயற்றிய நாவலரவர்களின் கருத்தும் இதற்குத் தூரமானதன்று.

1859ஆம் ஆண்டிலே, ஆரம்பக் கல்வியை ஆராய அமைந்த நியூகாசில் பிரபுவின் விசாரணைச்சபை அவரைப் பிரான்சு, ஒல்லாந்து, சுவிற்சலாந்து தேசங்களுக்கு அனுப்பியது. பிரான்சிலே 1833ஆம் ஆண்டின் கல்விச்சட்டத்துக்குக் கருத்தாவாகிய கீசோ என்பவரையும் கண்டு பேசினார். அரசு தன் குடிகளின் கல்வியைத் தன் கடமையென ஏற்று ஒழுங்காக நடத்தும் காட்சி அவர் உள்ளத்தை மிகவுங் கவர்ந்தது. அங்குள்ளனவெல்லாம் நல்லன, தம் நாட்டிலுள்ளனவெல்லாம் தீயன என்று எழுதும் ஒரு சாய்வு அவர்பால் அன்று தொட்டு இருந்ததெனக் கூறுதல் பொய்யாகாது. ஆயினும் அவர் கண்டெழுதியது அந்நாட்டார்க்கு வேண்டியதாயிருந்தது.

அவர் திரும்பி வந்த சில காலத்துள் புயல் எழுந்தது. நியூகாசில் சபையார் 1861ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். ஆரம்ப பாடசாலைப் பிள்ளைகளுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரே நன்றாகக் கற்று வெளியேறுகின்றனர் என்றும், ஆசிரியர் மேல்வகுப்புப் பிள்ளைகளிலே கருத்தைச் செலுத்திக் கீழ்வகுப்புக் குழந்தைகளைக் கைவிடுகின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். அரசினர் நன்கொடையோ ஆண்டுதோறும் ஏறி, 8,00,000 பவுணைக் கடந்துவிட்டது. கல்விக்குழுவின் உபதலைவராயிருந்த றொபேட் லோ என்பவர் கூரிய மதியினர், கண்பார்வை மிகக் குறைந்தவர், செலவைச் சுருக்குவதில் உறுதியுடையவர். பயன் கண்ட இடத்திற் பணங் கொடுப்போம்; பயன் காணாவிடத்துப் பணமாவது மிஞ்சட்டும் என்பதே அவர் கொள்கை. இதனை வெறும் உலோபமென்று தள்ளுதல் நீதியன்று. கீழ்வகுப்புக் குழந்தைகள் கைவிடப்பட்டமை உண்மையே. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் தகுதியே. கேட்ட முறையிலேதான் பிழை நேர்ந்தது.

1862ஆம் ஆண்டின் திருத்திய சட்டக்கோவை இவ்வாறு வகுத்தது. சராசரி வரவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 4 சிலிங். இருநூறு தடவைக்கு மேற் பாடசாலைக்கு வந்த பிள்ளை, வித்தியாதரிசியார் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலுஞ் சித்தியெய்தினால் 8 சிலிங். ஒன்றிலே தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். மூன்றிலுந் தவறினால் யாதுமில்லை. நூறு பிள்ளைகளுள்ள பாடசாலைக்கு அப்பரீட்சை நாளொன்றிலே 40 பவுண் தொங்கிக்கொண்டிருக்கும் என்று கணக்கிட்டறிக. பரீட்சைக்கு ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. முதற்றரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களை வாசித்து, இருபது வரையும் இலக்கமறிந்தாற் போதும். ஆறாந்தரத்துப் பிள்ளை புதினப்பத்திரிகையின் சிறு பந்தியொன்றை வாசிக்க வேண்டும். அன்று காய்ச்சலாற் படுத்திருந்த பிள்ளை பாடசாலைக்கு நட்டம். தேசசரித்திரம், பூமிசாத்திரம், பாட்டு, இலக்கணம் ஆகியவற்றுக்குச் சதமுமில்லை. ஆசிரியரின் சம்பளம் இந்நன்கொடையைப் பற்றியே நின்றமையால், பிள்ளையின் நாவிலும் கையிலும் ஆசிரியரின் குடும்பம் தங்கியிருந்தது.

சட்டம் இன்னும் பார்லிமெந்திலே விவாதிக்கப்பட்டிருந்த காலத்து, 1862ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரேசர் என்னுஞ் சஞ்சிகையிலே பெயரிடப்படாத கட்டுரையொன்று வெளிவந்தது. எழுதியவர் ஆர்னல்ட். தம் தலைவருக்கு மாறாக எழுதும் உத்தியோகத்தர் தம் சோற்றிலே தாமே மண் போடுகின்றார் என்பதை அவர் அறியாதவரல்லர். அப்பொழுது அவர்க்குப் பெருகிவரும் குடும்பமும் அளவான சம்பளமும். செலவுக்குப் போதாமையால், மாமனாராகிய நீதிபதியின் சுற்று நீதிமன்றங்களிலே அவருக்கு உதவியாளராயுஞ் சென்று சிறிது பொருள் தேடி வந்தார். பெயரில்லாவிடினும் எழுதியவர் இன்னாரென்பது அறிய வேண்டியவர்க்கு மறைவாயிருக்கவில்லை. அவ்வமயம் உத்தியோகத்தினின்று நீங்கியிருந்த கே-ஷட்டில்வேர்த் அக்கட்டுரையைத் தனியே அச்சிடுவித்துப் பார்லிமெந்து அங்கத்தவர்களுக்கு வழங்க உதவினார்.

அக்கட்டுரையின் வாதம் சுருக்கமாக இது. பிள்ளை வாசிக்கக் கற்பது வாசிப்புப் பாடத்தினால் மட்டுமன்று. அதனைச் சூழ்ந்த ஒழுங்கு, ஆசிரியரின் நடை, கேட்கும் பாட்டு, அறியும் கதை எல்லாவற்றானும் அதன் அறிவு விழிக்கும்பொழுதே வாசிப்பும் வருகின்றது. ஏனையவற்றை வெட்டிவிட்டு வாசிப்பை மட்டும் விலைக்கு வாங்க முயன்றால் வாசிப்பும் வாராது. மேலும், ஒழுங்காய் வரமுடியாத ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பாடசாலையே அதிகமாகத் தவறும். அதிக உதவி வேண்டிய அதற்கே உதவி குறையும். வித்தியாதரிசியோ பாடசாலையைப் பார்ப்பதை விட்டுப் பிள்ளைகளை எண்ணும் கணக்கனாவான். இவ்வெதிர்ப்புக்களின் பயனாக, முழுநன்கொடையையும் பரீட்சையிலே கட்டிவைக்க எண்ணியிருந்த லோ, மேற்கூறிய வரவுப் பணத்துக்கு இசைந்தார். எஞ்சிய பகுதி சட்டமாயிற்று. ஆர்னல்ட் உத்தியோகத்தை இழக்கவில்லை.

இனி நிகழ்ந்ததைச் சொல்லுவோம். ஆசிரியர்கள் உலகமறிந்தவர்கள். வருடத்துக்கு ஒரு சிறு வாசிப்புப் புத்தகம் போதுமென்பது சட்டத்திலிருந்து பெறப்பட்டது. அதனையே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வாசிப்பித்து, எழுத்துத் தெரியாவிடினும் வாய் தவறாதபடி ஆக்கினர். அப்பிள்ளை வேறொரு புத்தகத்தைக் கொடுத்தால் விழிக்கும். வாசியாமலே வாசிப்பிலும், அறியாமலே கணக்கிலும் சித்தியெய்துவிக்கக் கூடுமென்று ஆர்னல்ட் 1867ஆம் ஆண்டின் அறிக்கையிலே வெளிப்படையாக எழுதினார். இவ்விடத்து எம் சொந்த அநுபவமொன்று நினைவுக்கு வருகின்றது. யாம் இரண்டாம் வகுப்பிலிருந்தபோது, பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் முன் எழுந்து, பாடம் முழுவதையும் ஓரெழுத்தும் பிசகாது வாசித்தோம். அவர் சிரித்து, எம் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, தலைகீழாயிருந்ததை நேரே திருப்பிக் கொடுத்தார். எமக்கோ அன்று நாணம் வரவில்லை. பிழையின்றிச் சொன்னோமே என்னும் பெருமிதமே இருந்தது. எம்மை அடுத்திருந்த ஆசிரியர் முகத்திலே தோன்றிய அச்சம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. ஆர்னல்ட் கண்டது ஒரு பாடசாலையிலன்று, நூற்றுக்கணக்கானவற்றில்.

முன்னே பார்த்த அதே பாடசாலைகளிலே இப்பொழுது உயிரில்லை என்று அவர் ஆண்டுதோறும் அறிக்கை செய்தார். ஆசிரியர் புதிது முயலார். முயன்றாற் பணங் குறையும். மாணாக்க உபாத்தியாயராகச் சேர்வோர் தொகை விழுந்தது. நன்கொடைச் செலவு 1865ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6,40,000 பவுணாக இறங்கிற்று; சிக்கனம் வேண்டினார்க்கு அது கிடைத்தது. இதனிடையே, வித்தியாதரிசிகளின் அறிக்கைகளிலே தமக்கு ஒவ்வாத பகுதிகளைக் கல்வித் திணைக்களத்தார் மறைக்கின்றனர் என்னுங் குற்றச்சாட்டுப் பொதுமக்கள் சபையில் எழுந்து, 1864ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே தீர்மானமாக நிறைவேற, லோ பதவி துறந்தார். பின்னர் அமைந்த விசாரணைக்குழு அவரைக் குற்றத்தினின்று நீக்கியது. ஆள் போனார், சட்டம் போகவில்லை. அது கடல் கடந்து நம்மிடமும் வந்தது. இலங்கையிலே 1869ஆம் ஆண்டிற் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்ட பின், உதவிப் பாடசாலைகளின் நன்கொடையும் பெறுபேற்றைக்கொண்டே அளக்கப்பட்டது. 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் றாபிக்கப்பட்ட நாவலரவர்களின் வித்தியாசாலை, அரசினர் நன்கொடையின்றியே பல்லாண்டு நடைபெற்றதை அறிந்தோர்க்கு, நன்கொடையென்னுஞ் சொல்லின் சுமை சொல்லாமலே விளங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அச்சட்டத்தை இத்துணை வெறுத்தவர் அதன் கருவியாய் ஏன் இருந்தார்? உத்தியோகத்தை விட்டாலென்ன? எமக்கும் இவ்வையம் எழுந்ததுண்டு. குடும்பபாரமே முதற்காரணம்; அதனை அவர் மறைத்தாரல்லர். இராசினாமாச் செய்திருந்தால் ஒரு நாள் புகழ் வந்திருக்கும், அறிக்கைகள் நின்றிருக்கும். அவர் நின்று, பரீட்சித்து, பரீட்சையின் பொய்மையை அரசினர் தாளிலேயே எழுதி, அரசினர் செலவிலேயே அச்சிடுவித்தார். பரீட்சிக்கும்போது கடுமை காட்டாதவர் என்றும், அஞ்சி நின்ற பிள்ளையிடம் மென்மையாய்ப் பேசுபவரென்றும் பெயர் பெற்றார். உடனுழைத்தோருட் சிலர் இதனை அசிரத்தை என்றனர். முழுப்பொய் அன்று. பிற்காலத்திலே தனித்தனிப் பரீட்சையின் பெரும்பாகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, அவர் பாடசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். சட்டம் கேட்டதைக் காட்டிலும், சட்டம் வருமுன் இருந்த வித்தியாதரிசியின் தொழிலை அவர் விடாது செய்தார் போலும்.

பிறர் பிள்ளைகளை எண்ணித் திரிந்த அவ்வாண்டுகளிலே தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழந்தார். 1868ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே பேசில் என்னுங் கைக்குழந்தை. அவ்வாண்டு நவம்பரிலே, பிறவி தொட்டு நோயாளியாயிருந்த பதினாறு வயது மூத்த மகன் தோமஸ். 1872ஆம் ஆண்டிலே பதினெட்டு வயது மகன் திரெவெனென். மூவரும் லேலத்திலே அடக்கஞ் செய்யப்பட்டனர். இதற்கு முன், இந்தியாவிலே பஞ்சாப் மாகாணத்தின் பொதுப்போதனை அதிபராயிருந்த அவர் தம்பியார் வில்லியம், மனைவியை இழந்து தாமும் நோயுற்று ஊர் திரும்பும் வழியிலே, 1859ஆம் ஆண்டு சிப்ரால்டரில் இறந்தார். தாய் தந்தையற்ற அந்நான்கு குழந்தைகளையும் ஆர்னல்டின் தமக்கை சேனும் அவர் கணவர் போஸ்ரரும் தத்தெடுத்துத் தம் பிள்ளைகளாக வளர்த்தனர். அப்போஸ்ரரே 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்தைப் பார்லிமெந்திற் கொண்டுவந்து, பாடசாலையில்லாத ஊர்களுக்கெல்லாம் பாடசாலைச் சபைகளை ஏற்படுத்தியவர். சொந்தப் பிள்ளையில்லாதவர் நாட்டுப் பிள்ளைகளுக்கு இடந்தேடினார்.

அச்சட்டத்தின் பின் சபைவாரியான பார்வை ஒழிந்து, வித்தியாதரிசிகளுக்கு இடவாரியாகப் பகுதிகள் வகுக்கப்பட்டன. ஆர்னல்டுக்கு இலண்டனிலே வெஸ்ற்மின்ஸ்ரர் பகுதி கிடைத்தமையால், நெடும்பயணங்கள் குறைந்தன. பெறுபேற்று முறை தளராது நின்றது. சில பாடங்கள் புதிதாக விலைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. செய்யுள் மனனமும் அவற்றுள் ஒன்றாய் வந்தபோது ஆர்னல்ட் மகிழ்ந்தார். 1883ஆம் ஆண்டிலே அரசினர் 250 பவுண் உபகார வேதனம் அளித்தனர். முதலில் மறுக்க எண்ணி, நண்பர் வற்புறுத்த ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டே கடன் தீர்க்கும் பொருட்டு அமெரிக்காவுக்குச் சென்று பிரசங்கங்கள் செய்தார். 1884ஆம் ஆண்டிலே பிரதம வித்தியாதரிசிகளுள் ஒருவரானார். 1885ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் சேர்மனி, சுவிற்சலாந்து, பிரான்சு நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பெறுபேற்றுக் கூலி யாண்டும் இல்லையென்றும், ஆயினும் பிள்ளைகள் மேலாகக் கற்கின்றனர் என்றும் எழுதினார். கல்விச்சட்டங்களை ஆராய்ந்த குறோஸ் விசாரணைச்சபையின் முன் சாட்சியஞ் சொல்லிவிட்டு, 1886ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 30ஆந் தேதி இளைப்பாறினார்.

அவ்வாண்டு நவம்பரிலே வெஸ்ற்மின்ஸ்ரர் ஆசிரியர்கள் கூடி அவர்க்கு உபசாரஞ் செய்தனர். வித்தியாதரிசிக்கு ஆசிரியர்கள் மனமார விடைகொடுத்தல் எங்கும் அரிதே. அங்கே பேசுகையில், தாம் ஓர் உபாத்தியாயரின் மகனாயினும் இத்தொழில் தாம் இயல்பாகத் தெரிந்துகொள்ளத்தக்கதன்று என்றும், அக்கூட்டத்திலிருந்த தம் மனைவியாரை மணத்தற்பொருட்டே இதனை ஏற்றதாகவும் ஒளியாது சொன்னார். தொடக்கத்திலே வெறுப்பாயிருந்ததென்றும், பின்னர் ஆசிரியர்களின் பாட்டையும் அவர்கள் செய்ய முயலும் நன்மையையும் கண்டு, அவர்கள் நிலையிலிருந்து பார்க்கக் கற்றமையால் அது இலகுவாயிற்றென்றும் கூறினார்.

அதன்பின் ஈராண்டும் நிரம்பவில்லை. அமெரிக்காவிலே மணஞ்செய்திருந்த மகள் கப்பலில் வருவதறிந்து எதிர்கொள்ள லிவர்பூல் நகருக்குச் சென்றவர், 1888ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15ஆந் தேதி, வீதியிலே திராம் வண்டியைப் பிடிக்க விரைந்தபோது இருதயம் நின்று வீழ்ந்து இறந்தார். தந்தையாரைக் கொண்டுபோன நோயே அவரையும் கொண்டுபோயிற்று. லேலத்திலே மூன்று புதல்வரின் சமாதிகளுக்கருகில் அடக்கஞ் செய்தனர். அவர் 1852ஆம் ஆண்டு முதல் 1882ஆம் ஆண்டு வரை எழுதிய அறிக்கைகளை, கல்வித் திணைக்களத்திலே காரியதரிசியாயிருந்த சர் பிரான்சிஸ் சான்ட்போட் என்பவர் தொகுத்து 1889ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அடுத்த ஆண்டின் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றற்கும் பிள்ளைக்கு இவ்வளவென்று கூலி கொடுத்தலை நிறுத்திற்று. எஞ்சியவையும் அந்நூற்றாண்டு முடியுமுன் நீங்கின.